பிஞ்சு மனங்களில் வியாபார வலை வீசலாமா?

மாலையில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கிட்டங்கிகளின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. மிளகு, சுக்கு மூட்டைகளுக்கு நடுவே பகலெல்லாம் முதுகு வளைத்தவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறார். கணக்கு நோட்டோடு மல்லாடிய குமாஸ்தாவும் அதே நேரத்தில்தான் கிளம்புகிறார். இருவருக்கும் வீடு என்பது பெரும்பாலும் ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். அந்த அறையில் ஒரு டெலிவிஷன். வாசற்படி ஏறியதுமே, "வாங்கிட்டு வந்தியாப்பா?" என்று பிள்ளை ஓடி வருகிறது. காலையில் சொல்லி அனுப்பியதைத் தகப்பன் மறந்திருக்கலாம். பிள்ளை மறக்கவில்லை. மறக்க விடாமல் அந்தப் பெட்டி பகலெல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த எத்தனையோ வீடுகளின் கதை. சொந்த ஊர் என்றால் பாட்டி இருப்பாள், அத்தை இருப்பாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் திண்ணையில் கதை சொல்ல யாராவது இருப்பார்கள். வந்த இடத்தில் தாயும் வேலைக்குப் போனால், பிள்ளைக்குத் துணை அந்தப் பெட்டிதான். அதுதான் கதை சொல்கிறது, பாட்டுப் பாடுகிறது. நடுநடுவே வியாபாரமும் செய்கிறது.

சின்னஞ்சிறு குழந்தைகளைக் குறிவைத்து டெலிவிஷனில் விளம்பரம் செய்யலாமா, கூடாதா என்ற விவாதம் உலகமெங்கும் அரை நூற்றாண்டாக நடந்துவருகிறது. இந்தியாவிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது, விதி இருக்கிறது. ஆனால் அந்த விதி உழைக்கும் குடும்பத்தின் ஒற்றை அறைக்குள் வந்து சேர்கிறதா என்பதே கேள்வி.

விளம்பரம் வந்த வழி

இந்தியாவில் டெலிவிஷன் 1959-ல் டில்லியில் தொடங்கியபோது அதில் விளம்பரம் கிடையாது. 1976 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் தூரதர்ஷன் விளம்பரங்களை ஏற்றுக்கொண்டது. திருவனந்தபுரம் நிலையத்தின் மலையாள ஒளிபரப்பு 1985-ல் தொடங்கியது. 1993-ல் தமிழுக்குச் சன் டி.வி.யும் மலையாளத்துக்கு ஏஷியாநெட்டும் வந்தன. பின்னர் குழந்தைகளுக்கென்றே தனிச் சேனல்கள் பிறந்தன. தமிழில் சுட்டி டி.வி. 2007-லும், மலையாளத்தில் கொச்சு டி.வி. 2011-லும் வந்தன. கொச்சியில் வளரும் தமிழ்க் குழந்தை இரண்டு மொழியிலும் கார்ட்டூன் பார்க்கிறது. அதே பிஸ்கெட்டை, அதே சிப்ஸை, அதே பானத்தை இரண்டு மொழியிலும் வாங்கச் சொல்லக் கேட்கிறது.

வானொலியும் தூரதர்ஷனும் தொடக்கத்திலேயே ஒரு நல்ல நெறியை வகுத்திருந்தன. ஒரு பொருள் தன்னிடம் இல்லாவிட்டால் மற்றக் குழந்தைகளைவிடத் தான் தாழ்ந்தவன் என்றோ, பிறர் கேலி செய்வார்கள் என்றோ குழந்தையை நம்பவைக்கும் விளம்பரத்தை ஏற்கக்கூடாது என்பது அந்த நெறி. ஏட்டளவில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு வந்த விளம்பரங்களை நினைத்துப் பார்த்தால் போதும். ஒரு பானத்தைக் குடித்த பையன் உயரமாக வளர்கிறான், ஓட்டத்தில் முந்துகிறான், வகுப்பில் முதலாவதாக வருகிறான். குடிக்காத பையன் பின்னால் நிற்கிறான். "நீ தாழ்ந்தவன்" என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை; சொல்லாமலே சொல்லியாகிவிட்டது.

ஆராயத் தெரியாத வயது

பெரியவர்கள் விளம்பரத்தைப் பார்க்கும்போது, "இவன் விற்க வந்தவன்" என்ற எச்சரிக்கை உள்ளே எங்கோ இருக்கும். குழந்தைக்கு அது இல்லை. நான்கு ஐந்து வயதுவரை பல குழந்தைகளுக்கு நிகழ்ச்சி எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்றே பிரித்தறியத் தெரியாது. தெரிந்த பிறகும், விற்பதற்காகத்தான் இப்படிப் பேசுகிறார்கள் என்ற உள்நோக்கம் ஏழெட்டு வயதுக்கு முன் சரிவரப் புரிவதில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 2004-ல் இதையெல்லாம் ஆராய்ந்து, எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது.

கபில்தேவும் டெண்டுல்கரும் ஒரு பானத்தின் விளம்பரத்தில் தோன்றிய காலத்தை நடுவயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று அந்தப் பானத்துக்கு அடம்பிடித்த பையன்கள் இன்று தகப்பன்மார்கள். பந்து வீசக் கற்றுக்கொண்டது மைதானத்தில்தான், டம்ளரில் அல்ல என்பது அவர்களுக்கு இப்போது தெரிகிறது. ஆனால் அது தெரிந்துகொள்ள வேண்டிய வயதில் தெரியவில்லை.

ஐந்து ரூபாயின் கணக்கு

விளம்பரம் குழந்தையிடம் பேசினாலும் அதன் கண் இருப்பது தகப்பனின் சட்டைப்பையில். பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளின் விலை 5 ரூபாய், 10 ரூபாய். வேண்டாம் என்று சொல்ல மனம் வராத விலை. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 10 ரூபாய் என்றால், இரண்டு பிள்ளைகளுக்கு மாதம் 600 ரூபாய். வருடத்துக்கு 7,300 ரூபாய். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்திலிருந்தோ, பள்ளிக்கூடச் செலவிலிருந்தோதான் இது போகிறது. போனது போகட்டும் என்றால், வயிற்றுக்குள் போனது என்ன? உப்பும், எண்ணெயும், சர்க்கரையும். சாயங்காலம் அதைத் தின்ற பிள்ளை ராத்திரிச் சோற்றைத் தள்ளிவைக்கிறது.

இன்னொரு வேதனையும் உண்டு. ஊரை விட்டு வந்து, பிள்ளையோடு பேச நேரமில்லாமல் உழைக்கும் தகப்பன், தான் கொடுக்க முடியாத நேரத்துக்கு ஈடாக ஒரு பாக்கெட்டை வாங்கிக் கொடுத்துவிடுகிறான். நல்ல தாய் இந்தப் பானத்தைத்தான் கொடுப்பாள் என்று பெட்டி சொல்லும்போது, வாங்க முடியாத தாய் மனதுக்குள் கூசுகிறாள். வறுமையைவிட இந்தக் கூச்சம் கொடியது.

2022 ஆகஸ்டு மாதம் கேரள அரசு அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் பாலும் இரண்டு நாள் முட்டையும் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். அரசாங்கம் மக்கள் பணத்தில் முட்டையைத் தட்டில் வைக்கிறது. ஆனால் முட்டைக்கு விளம்பரத்தில் ஆடிப்பாட எந்த நட்சத்திரமும் இல்லை. நிலக்கடலைக்கும் நேந்திரம்பழத்துக்கும் இல்லை. போட்டி தொடங்குவதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

பானத்தின் பட்டம் பறிபோன கதை

2023-ல் போர்ன்விட்டாவில் உள்ள சர்க்கரையைப் பற்றி ஒருவர் வெளியிட்ட வீடியோ நாடெங்கும் பேசப்பட்டது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2024 ஏப்ரலில் மத்திய அரசு, இத்தகைய பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பின் கீழ் விற்கக்கூடாது என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. காரணம் என்ன? உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "ஹெல்த் டிரிங்க்" என்று ஒன்றே வரையறுக்கப்படவில்லை!

சட்டத்தில் இல்லாத ஒரு பட்டத்தை நம்பி எத்தனை தாய்மார்கள் வீட்டுச் செலவைச் சுருக்கி அந்த டப்பாக்களை வாங்கினார்கள்! பட்டம் போனது சரி. நம்பிக் கொடுத்த பணத்துக்கும், நம்பிக் குடித்த வருடங்களுக்கும் யார் கணக்குச் சொல்வது?

மறுதரப்பின் வாதம்

விளம்பரம் செய்வோர் தரப்பிலும் வாதங்கள் இல்லாமல் இல்லை. அவற்றை நியாயமாக எடைபோட வேண்டும்.

விளம்பரமும் பேச்சுரிமைதான் என்கிறார்கள். உண்மை. 1995-ல் டாடா பிரஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. ஆனால் ஏமாற்றும் விளம்பரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. பேசுவோரின் நோக்கமே புரியாத குழந்தையிடம் பேசி விற்பது எந்த வகையில் சேரும்? கனடாவின் கியூபெக் மாகாணம் 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தை 1980-லிருந்து தடை செய்திருக்கிறது. ஒரு பொம்மைக் கம்பெனி வழக்குப் போட்டது. 1989-ல் கனடா சுப்ரீம் கோர்ட் தடை செல்லும் என்றது.

விளம்பர வருமானம் நின்றால் குழந்தைகள் நிகழ்ச்சியே நின்றுவிடும் என்பது அடுத்த வாதம். இதில் பொருள் இருக்கிறது. நல்ல நிகழ்ச்சிக்குப் பணம் வேண்டும். ஆனால் கேட்பது எல்லா விளம்பரத்துக்கும் தடையல்ல. குடும்பச் சேமிப்புத் திட்டத்தையும் சோப்பையும் பெரியவர்களுக்கு விற்க யாரும் தடை கேட்கவில்லை.

பிள்ளையைக் கட்டுப்படுத்த வேண்டியது பெற்றோர்தானே, அரசாங்கம் எதற்கு என்பது மூன்றாவது வாதம். அமெரிக்காவில் 1978-ல் அரசு ஆணையம் ஒன்று குழந்தை விளம்பரங்களைக் கட்டுப்படுத்த முயன்றபோது இதே கேலிதான் எழுந்தது. 1980-ல் அந்நாட்டுக் காங்கிரஸ் ஆணையத்தின் கையைக் கட்டியது. 1981-ல் முயற்சி கைவிடப்பட்டது. பெற்றோர் கடமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் கோடிக்கணக்கான பணம், நட்சத்திரங்கள், பாட்டு, படம். மறுபக்கம் பத்து மணி நேரம் உழைத்துக் களைத்து வந்த ஒரு மனிதரின் "வேண்டாம்" என்ற ஒரு சொல். இதைச் சமமான சண்டை என்பது நியாயமா?

விதியில் உள்ள ஓட்டை

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் மாதம் வெளியிட்ட நெறிமுறைகள் பாராட்டத்தக்கவை. குழந்தையின் அனுபவமின்மையையும் எளிதில் நம்பும் குணத்தையும் பயன்படுத்தக்கூடாது. வாங்கும்படியோ, பெற்றோரை நச்சரிக்கும்படியோ குழந்தையை நேரடியாகத் தூண்டக்கூடாது. "வெறும் இவ்வளவுதான்" என்று விலையைச் சிறிதாகக் காட்டும் சொற்களைச் சேர்க்கக்கூடாது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 2019-ன் நுகர்வோர் சட்டத்தில் இடமுண்டு.

சிப்ஸ், சோடாப் பானம் போன்ற நொறுக்குத் தீனி விளம்பரத்துக்கும் அந்த நெறிமுறைகள் தடை போடுகின்றன. எங்கே? குழந்தைகளுக்கான நிகழ்ச்சியிலும், குழந்தைகளுக்கென்றே உள்ள சேனலிலும். ஓட்டை இங்கேதான் இருக்கிறது. தனக்கென்று ஓர் அறையும் தனக்கென்று ஒரு பெட்டியும் உள்ள குழந்தை குழந்தைகள் சேனலைப் பார்க்கலாம். ஒற்றை அறை வீட்டில் பாட்டி பார்க்கும் சீரியலைத்தான் பேரனும் பார்க்கிறான். தகப்பன் பார்க்கும் கிரிக்கெட்டைத்தான் மகளும் பார்க்கிறாள். அங்கே அதே சிப்ஸ், அதே சோடா தடையின்றி வருகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வேலி, உழைப்பவர் வீட்டுப் பிள்ளைக்குத் திறந்த வெளி என்றால் அது பாதி நியாயம்தான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. நிகழ்ச்சியைப் பார்த்து அல்ல, கடிகாரத்தைப் பார்த்துத் தடை போட வேண்டும். பிரிட்டன் 2007-ல் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் மட்டும்தான் இத்தகைய உணவு விளம்பரத்தைத் தடுத்தது. அது போதவில்லை என்று கண்டு, 2026 ஜனவரியிலிருந்து இரவு 9 மணிக்கு முன் எந்த நிகழ்ச்சியிலும் டெலிவிஷனில் அவை கூடாது என்றாக்கியது. ஸ்வீடன் தன் நாட்டில் 12 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கான விளம்பரத்தைத் தடுத்தபோது, வெளிநாட்டிலிருந்து செயற்கைக்கோள் வழியே வந்த சேனலைத் தடுக்க முடியவில்லை. ஆகவே வேலி போட்டால் டெலிவிஷனோடு நிற்காமல், பிள்ளையின் கையில் உள்ள செல்போனையும் சேர்த்துப் போட வேண்டும்.

இந்தியாவால் இது முடியாது என்று சொல்வதற்கில்லை. பால்புட்டிக்கும் குழந்தைப் பால்பவுடருக்கும் விளம்பரமே கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்தது. 2003-ல் இரண்டு வயதுவரையுள்ள குழந்தை உணவுகளுக்கும் அந்தத் தடை விரிந்தது. எந்தக் கம்பெனியும் அதனால் அழிந்துவிடவில்லை. இரண்டு வயதுவரை அவ்வளவு அக்கறை காட்டும் சட்டம், இரண்டு வயது முடிந்த மறுநாள் பிள்ளையைச் சந்தையில் இறக்கிவிடலாமா?

சட்டம் திருந்தும்வரை பெற்றோர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தவறான விளம்பரத்தைப் பற்றித் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாம். அங்கே தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். வந்த ஊரில் மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். எந்தச் சேனல், எந்தப் பொருள், எந்த நேரம் என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்துக்கொண்டால் போதும். தொழிற்சங்கங்களும் தமிழ்ச் சங்கங்களும் ஆண்டு விழாவுக்குக் காட்டும் உற்சாகத்தில் கொஞ்சம் இதற்கும் காட்டலாம்.

சந்தையில் பேரம் பேசத் தெரிந்தவனிடம் விற்பது வியாபாரம். பேரம் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளையிடம் விற்பதற்கு வேறு பெயர்தான் உண்டு. ஊரை விட்டு வந்து மூட்டை சுமப்பதும் கணக்கு எழுதுவதும் அந்தப் பிள்ளைக்காகத்தான். அந்த உழைப்பின் பலன் பிள்ளையின் உடம்பில் சேர வேண்டுமா, விளம்பரக் கம்பெனியின் கணக்கில் சேர வேண்டுமா என்பதைச் சட்டம் செய்வோர் சிந்திக்கட்டும்.