வாவிக்கரைப் பாடமும் எமது ஆசிரியைகளும்



சுற்றாடல் கல்வி என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஜூன் 5ஆம் திகதி, உலக சுற்றாடல் தினம். அன்று பாடசாலையில் ஒரு மரக்கன்று நடப்படும், சித்திரப் போட்டி நடக்கும், அதிபர் உரையாற்றுவார். ஆடி மாத வெயிலில் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கல்வியைப் பற்றியும், அதைக் கற்பிக்கும் ஆசிரியைகள் தமது தொழிலில் முன்னேறுவதற்குள்ள வழிகளைப் பற்றியும் இம்முறை பேசுவோம். "நான் ஆசிரியை இல்லையே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் பிள்ளைக்குப் படிப்பிப்பவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியைதான். நாளை உங்கள் மகளும் ஆசிரியையாகக்கூடும்.

பயத்தோடு தொடங்கிய பாடம்

மண்டூரையும் அதனைச் சூழவுள்ள படுவான்கரைக் கிராமங்களையும் எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் வயல், அதற்கப்பால் காடு. பாடப்புத்தகத்தில் உள்ள சுற்றாடல் முழுவதும் வாசலிலேயே இருக்கிறது. ஆனால் போர்க்காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் அந்தச் சுற்றாடலைப் பற்றிக் கற்ற முதற்பாடம் எது? "பற்றைக்குள் போகாதே. தெரியாத பொருளைத் தொடாதே. பொழுதுபட்டால் வெளியே நிற்காதே." மிதிவெடி அபாயக் கல்விதான் அவர்களது சுற்றாடல் கல்வியாக இருந்தது. உயிரைக் காப்பாற்றிய பாடம் அது. குறை சொல்ல முடியாது.

2007ஆம் ஆண்டு படுவான்கரை மக்கள் இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது மண் அதே மண்தான், ஆனால் அதன்மீதிருந்த நம்பிக்கை குறைந்திருந்தது. 2017இல் மட்டக்களப்பு மாவட்டம் மிதிவெடி அபாயம் நீங்கிய மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. வெடி போனாலும் யானைப் பயம் இருக்கிறது. அன்று பிள்ளையாக இருந்து பயந்தவர்கள் இன்று தாய்மார். தமது பிள்ளைகளையும் அதே பயத்தோடு வளர்க்கிறார்கள். எனவே எங்கே பயப்பட வேண்டும், எங்கே பயப்படத் தேவையில்லை என்பதைப் பிள்ளைக்குப் பிரித்துக்காட்ட ஒருவர் வேண்டும். அந்த வேலையைச் செய்யக்கூடியவர் பயிற்சி பெற்ற ஆசிரியையே.

வாசலில் இருக்கும் ஆய்வுகூடம்

எமது வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. மாரியில் ஆற்றுநீரும் மழைநீரும் சேர்ந்து அதன் உப்பு குறையும், கோடையில் கூடும். அதற்கேற்ப மீனும் இறாலும் மாறும். இதை ஒரு பிள்ளை மாதம் ஒருமுறை கொப்பியில் எழுதிவந்தால், ஆண்டு முடிவில் அது ஒரு சிறு ஆராய்ச்சி.

கரையோரத் தாவரங்களைப் பாருங்கள். கண்டல் மரத்தின் விதை மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட பச்சைக் காயைப்போல் தொங்கி, பின்னர் சேற்றில் விழுந்து வேரூன்றும். கண்ணா மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே கூர்கூராக நிற்கும். அதன் இலையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும், ஏனெனில் உறிஞ்சிய உப்பை அது இலைவழியே வெளியேற்றுகிறது. தில்லையின் பாலோ கண்ணில் பட்டால் ஆபத்து. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அறிந்து கரைக்குச் செல்லும் பிள்ளைக்குப் பயம் குறையும். இந்த மரங்களின் வேர்களுக்கிடையில்தான் இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் ஒதுங்கி வளர்கின்றன. கண்டலை வெட்டினால் வலை வெறுமையாகும் என்பது பாடம் மட்டுமல்ல, வாவியை நம்பிய வீடுகளின் அடுப்பெரியும் விடயம்.

வெள்ள காலத்தில் முகத்துவாரம் வெட்டுவதைப் பற்றி ஊரில் எப்போதும் பேச்சு எழும். வயல் மூழ்கியவர் வெட்டச் சொல்வார், மீன்பிடிப்பவர் பொறுக்கச் சொல்வார். இருபக்க நியாயத்தையும் பிள்ளைகள் கேட்டு எடைபோடுவதுதான் உண்மையான சுற்றாடல் கல்வி. 1975இல் பெல்கிரேட்டிலும் 1977இல் திபிலிசியிலும் நடந்த சர்வதேச ஒன்றுகூடல்கள் வலியுறுத்தியதும் இதனையே. அறிவை ஊட்டினால் போதாது, பிரச்சினையைத் தீர்க்கும் ஆற்றலையும் பங்குபற்றும் மனப்பாங்கையும் வளர்க்க வேண்டும், அதற்கு ஆசிரியர்களைப் பயிற்ற வேண்டும் என்று அவை கூறின.

ஆசிரியைகளுக்குள்ள வழிகள்

இலங்கையில் 1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தோடு ஆரம்ப வகுப்புகளுக்குச் "சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்" என்ற பாடம் வந்தது. அதைச் செயற்பாடாகவே நடத்த வேண்டும். ஆனால் வெளியே பிள்ளைகளைக் கூட்டிச்சென்று படிப்பிக்கப் பழகாத ஆசிரியை கரும்பலகையில் எழுதிப்போட்டு முடித்துவிடுவார். குறை அவருடையதல்ல, பயிற்சியினுடையது. பயிற்சி பெறக்கூடிய இடங்கள் சில:

1. வலயத்தின் சேவைக்காலப் பயிற்சி. மண்டூர் பட்டிருப்புக் கல்வி வலயத்துக்குரியது. ஆசிரிய ஆலோசகர்களும் ஆசிரியர் மத்திய நிலையங்களும் குறுகியகாலச் செயலமர்வுகளை நடத்துவதுண்டு. எந்தப் பயிற்சி தேவை என்று கேட்கும் உரிமை ஆசிரியைக்கு உண்டு. கேட்காவிட்டால் வருவதைத்தான் ஏற்க வேண்டியிருக்கும்.

2. சுற்றாடல் முன்னோடித் திட்டம். மத்திய சுற்றாடல் அதிகாரசபை பாடசாலைகளில் நடத்தும் திட்டம் இது. மாணவர்கள் படிப்படியாகப் பதக்கம் பெற்று ஜனாதிபதிப் பதக்கம்வரை செல்லலாம். பொறுப்பேற்கும் ஆசிரியைக்கு வழிகாட்டலும் வேறு பாடசாலைகளின் தொடர்பும் கிடைக்கும். பிரதேச செயலகத்தில் உள்ள சுற்றாடல் உத்தியோகத்தரிடம் விசாரிக்கலாம்.

3. பட்டமும் டிப்ளோமாவும். தேசிய கல்வி நிறுவகமும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் பணியிலுள்ள ஆசிரியர்களுக்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தமிழிலும் நடத்திவந்துள்ளன. திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் நிலையம் உண்டு. இக்கற்கைகளில் செய்யும் ஒப்படைகளுக்கும் செயல்நிலை ஆய்வுக்கும் வாவியையே தலைப்பாக எடுக்கலாம். தூரத்து ஊரைப்பற்றி நூலகத்தில் தேடுவதைவிட அது இலகுவானது, பயனுள்ளதும் கூட.

4. முன்பள்ளி ஆசிரியைகளுக்கு. குறைந்த கொடுப்பனவுக்கு உழைக்கும் இச்சகோதரிகளுள் போரில் குடும்பத்தைச் சுமக்க நேர்ந்தவர்கள் பலர். திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் அவர்களுக்கு ஒரு படி. மாகாண முன்பள்ளிக் கல்விப் பணியகத்திடமும் பயிற்சிகள்பற்றிக் கேட்டறியலாம்.

இவை வெறும் சான்றிதழ்களல்ல. 2014ஆம் ஆண்டின் ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு, தர உயர்வைத் தொழில்சார் விருத்தியோடு இணைத்திருக்கிறது. பயிற்சியைத் தவறவிடும் ஆசிரியை தர உயர்விலும் பின்தங்குவார். தர உயர்வு பிந்தினால் சம்பளமும் பிந்தும்.

நாட்டின் மறுகரையில் ஓர் உதாரணம். சிலாபத்துக்கு அருகே பம்பலவில் 2016இல் ஒரு கண்டல் காட்சியகம் திறக்கப்பட்டது. பாடசாலை மாணவர்கள் அங்கு சென்று கற்கிறார்கள். 2015இல் தொடங்கிய அந்தக் கண்டல் பாதுகாப்புத் திட்டம் வாவிக்கரைப் பெண்களுக்குப் பயிற்சியும் சிறுகடனும் வழங்கி, அவர்களைக் கண்டலின் காவலர்களாக ஆக்குவதை அடிப்படையாகக் கொண்டது. கல்வியும் பெண்களின் வருமானமும் ஒரே திட்டத்தில் சேர்ந்தன என்பதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டிலும் 1989இல் சென்னையில் தொடங்கப்பட்ட சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் ஆசிரியர் பயிற்சிகளை நடத்தித் தமிழிலும் நூல்களை வெளியிட்டது. தமிழில் கற்பிக்க ஒன்றுமில்லை என்ற பேச்சு சரியல்ல.

யார் போகிறார்கள், யார் நிற்கிறார்கள்?

வழிகள் இருப்பது ஒன்று, அவற்றில் நடக்க முடிவது வேறொன்று. கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளையும் வயோதிபத் தாயையும் பராமரிக்கும் ஓர் ஆசிரியையை எண்ணிப்பாருங்கள். பயிற்சி நகரத்தில், அதுவும் சனி, ஞாயிறுகளில். மண்டூரிலிருந்து செல்பவர்கள் நெடுங்காலம் குருமண்வெளிக்குப் பாதையில் ஏறி வாவியைக் கடந்தார்கள், அல்லது பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிச் சென்றார்கள். விடிய முன்னர் சமைத்துவைத்துப் புறப்பட வேண்டும். திரும்பும்போது இருட்டிவிடும். யானை நடமாடும் வழி. "பொம்பிளப் பிள்ளைக்கு இந்த வயதில் என்ன படிப்பு?" என்று கேட்பவர்களும் உண்டு. இறுதியில் பயிற்சிக்குப் போவது சுமையற்ற ஒருவர்தான். சுற்றறிக்கை அதிபரின் மேசையிலிருந்து ஆசிரியர் அறைக்கு வருமுன்னர் முடிவுத்திகதி கடந்துவிடுவதும் நடக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியைகளே, ஒரு பாடசாலையில் உள்ளவர்கள் சேர்ந்து ஒரு கடிதமாகப் பயிற்சியை எழுத்தில் கேளுங்கள். ஆசிரிய ஆலோசகரைப் படுவான்கரைக்கு வரச்சொல்லி வாவிக்கரையிலேயே செயலமர்வை நடத்தும்படி கோருங்கள். முப்பது பேர் ஆற்றைக் கடப்பதைவிட ஒருவர் கடப்பது இலகு. சுற்றறிக்கையின் பிரதியை ஆசிரியர் அறையில் ஒட்டும்படி கேளுங்கள். கலந்துகொண்ட ஒவ்வொரு பயிற்சியின் சான்றிதழையும் கோவையில் இட்டு வையுங்கள். தர உயர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அது கைகொடுக்கும்.

தாய்மாரே, பெண்கள் அமைப்பினரே, பயிற்சிக்குப் போகும் ஆசிரியையின் பிள்ளையை ஒரு பகல் பார்த்துக்கொள்வதும் கல்விப்பணிதான். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். உங்களிடமும் அறிவு இருக்கிறது. எந்த மாதம் எந்த மீன் ஏறும், எந்தக் கீரையை எங்கே பறிக்கலாம், 1978ஆம் ஆண்டுச் சூறாவளி எதை அழித்தது, 2011 வெள்ளம் எதுவரை ஏறியது என்பதெல்லாம் உங்கள் நினைவில் உண்டு. ஒரு பாடவேளைக்கு வகுப்பறைக்குச் சென்று அதைச் சொல்லுங்கள். ஆசிரியையும் எழுதிக்கொள்வார்.

போர் எங்களிடமிருந்து பறித்தவற்றுள் பல திரும்பிவராது. ஆனால் மண்ணையும் தண்ணீரையும் பயமின்றிப் பார்க்கும் கண்ணை எமது பிள்ளைகளுக்குத் திருப்பிக்கொடுக்கலாம். அதற்கு முதலில் ஆசிரியைக்கு ஒரு சனிக்கிழமையை விடுவித்துக் கொடுப்போம்.