மலைக்கு மட்டும் ஏன் வேறு டீசல்?

கடந்த விடுமுறையில் ரிங்லெட்டில் உள்ள அத்தை வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். ஒரு நாள் காலை சமையலறையில் எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிப் பார்த்தால், அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. எண்ணெய் கெட்டுவிட்டதா என்று கேட்டேன். அத்தை சிரித்துவிட்டு, "மலையில இது என்ன புதுசா? கொஞ்சம் வெயில்ல வை, தெளிஞ்சிடும்" என்றார்.

வேதிப் பொறியியல் படிக்கும் எனக்கு அந்தப் போத்தல் ஒரு கேள்வியை எழுப்பியது. நம் நாட்டின் எரிபொருள் கொள்கை கேமரன் மலையின் அடிவாரத்தில் வந்து நின்றதற்கும் இதே குளிர்தான் காரணம்.

செம்பனை எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசலை வழக்கமான டீசலில் கலந்து விற்கும் திட்டம் 2011இல் புத்ராஜெயாவில் பி5 என்ற பெயரில் தொடங்கியது. நூறு பங்கில் ஐந்து பங்கு பயோடீசல் என்பது இதன் பொருள். பிறகு அது பி7 ஆனது. 2019 பிப்ரவரியில் போக்குவரத்துத் துறைக்குப் பி10 கட்டாயமானது. 2020இல் லங்காவியில் பி20 அறிமுகமானது. ஆனால் கேமரன் மலை, கெந்திங் மலை, சபாவின் குண்டசாங் ஆகிய குளிர்ப் பகுதிகள் பி7 அளவிலேயே நிறுத்தி வைக்கப்பட்டன.

இது சிறிய விதிவிலக்காகத் தெரியலாம். ஆனால் தேயிலைத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். போ தோட்டம் 1929இல் தொடங்கிய காலம் முதல், மலையில் விளைந்தது சாலை வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுச் சாலை. தேயிலை, காய்கறி, பூ, உரம் எல்லாமே டீசல் லோரியை நம்பியே போய் வருகின்றன. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தபோது, உதவித் திட்டங்கள் இருந்தும், மலையில் பலரின் பேச்சு அதைப் பற்றித்தான் இருந்தது. எரிபொருள் இங்கே அன்றாட வாழ்க்கை.

இன்னொன்றும் உண்டு. விதி வரைபடத்தில் கோடு போடலாம். லோரிக்கு அந்தக் கோடு தெரியாது. தாப்பாவில் பி10 நிரப்பிய வண்டி இரவில் பிரிஞ்சாங்கில் நிற்கிறது. ஆகவே மலைக்கு வேறு டீசல் விற்பது பாதித் தீர்வுதான். குளிரைத் தாங்கும் பயோடீசலைச் செய்வதே முழுத் தீர்வு. அங்கேதான் வினையூக்கி வருகிறது.

படிவம் 4 வேதியியலில் வினையூக்கியைப் படித்திருப்போம். ஹைட்ரஜன் பெராக்சைடில் மாங்கனீசு டையாக்சைடைப் போட்டதும் குமிழி பொங்கும். வினையை விரைவாக்கும், ஆனால் தான் தீர்ந்துபோகாது என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். தேயிலைத் தொழிற்சாலையிலும் இதே வேலைதான் நடக்கிறது. கொழுந்தை உருட்டிக் கசக்கும்போது அதன் செல்கள் உடைந்து, உள்ளிருக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இலையின் நிறத்தையும் மணத்தையும் மாற்றுகிறது. அந்த நொதி, செம்பு அணுக்களைக் கொண்ட இயற்கை வினையூக்கி. சரியான நேரத்தில் இலையைச் சூட்டில் உலர்த்தி அதை நிறுத்துகிறார்கள். நேரம் தவறினால் தேநீரின் தரம் போய்விடும். எந்த நொடியில் நிறுத்த வேண்டும் என்பதை மணத்தையும் நிறத்தையும் வைத்தே கண்டுபிடித்தவர்கள் நம் தோட்டத்துத் தொழிலாளர்கள்.

பயோடீசலிலும் கதை ஏறக்குறைய இதுதான். எண்ணெயின் ஒரு மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் கிளிசரால் என்ற தண்டில் தொங்குகின்றன. மெத்தனாலைச் சேர்த்து ஏறத்தாழ 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அந்தச் சங்கிலிகள் ஒவ்வொன்றாகக் கழன்று பயோடீசலாகின்றன. பொதுவாகச் சோடியம் மெத்தாக்சைடு இதற்கு வினையூக்கி. அது இல்லாவிட்டால் கடும் வெப்பமும் அழுத்தமும் தேவைப்படும்.

குளிரில் சிக்கல் இரண்டு வழிகளில் வருகிறது. முதலாவது, செம்பனை எண்ணெயின் இயல்பு. அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 44 விழுக்காடு பால்மிடிக் அமிலம். அது வளைவில்லாத நேரான சங்கிலி; அடுக்கி வைத்த விறகு போல ஒன்றோடொன்று நெருங்கிப் படிந்து உறையும். அதனால் தூய செம்பனைப் பயோடீசல் ஏறத்தாழ 15 டிகிரியிலேயே கலங்கத் தொடங்குகிறது. ஐரோப்பாவில் கடுகு இனத்து எண்ணெயில் செய்வது பூஜ்யத்துக்குக் கீழே போனால்தான் கலங்கும். கேமரன் மலையின் இரவுகள் 15 டிகிரியை எளிதில் தொடும். 1978 பிப்ரவரி 1 அன்று அங்கே 7.8 டிகிரி பதிவாகியிருக்கிறது.

இரண்டாவது, அரைகுறையாக முடிந்த வினை. மூன்று சங்கிலிகளில் இரண்டு மட்டும் கழன்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது மோனோகிளிசரைடு. பி10இல் பயோடீசல் பத்தில் ஒரு பங்குதான் என்பதால் தொட்டி முழுவதும் உறைந்துவிடாது. ஆனால் இந்த மிச்சம் குளிரில் தனியாகப் பிரிந்து வடிகட்டியை அடைக்கக்கூடும். ஐரோப்பியத் தரவிதி இதற்கு 0.7 விழுக்காடுதான் உச்சவரம்பு வைத்திருக்கிறது. வினையூக்கி வேலையை எவ்வளவு முழுமையாக முடிக்கிறது என்பதைப் பொறுத்தே மலைப்பாதையில் வண்டி நம்பிக்கையாக ஓடும்.

தீர்வு இல்லாமல் இல்லை. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உறையும் பகுதியைப் பிரித்தெடுத்து, கடுங்குளிரிலும் ஓடும் பயோடீசலை முன்பே உருவாக்கிவிட்டது. ஆனால் பிரித்தெடுத்த பகுதிக்கு வேறு பயன் தேட வேண்டும், செலவும் கூடும். இன்னொரு வழி திண்ம வினையூக்கி. திரவத்தில் கரையும் வினையூக்கியைக் கழுவி நீக்க நிறைய நீர் தேவை, கழிவுநீரும் சேரும். திண்மமானதை வடிகட்டி எடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். முட்டை ஓட்டைச் சுட்டுக் கிடைக்கும் கால்சியம் ஆக்சைடுகூட இந்த வேலையைச் செய்யும். புத்ரா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தௌஃபிக் யாப் யுன் ஹின் இத்தகைய வினையூக்கிகளில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் நானோ தொழில்நுட்பத்துக்கும் வினையூக்கத்துக்கும் தனி ஆய்வு மையம் உண்டு.

மூன்றாவது வழியில் மெத்தனாலே இல்லை. எண்ணெயை ஹைட்ரஜனோடு சேர்த்து, நிக்கல், மாலிப்டினம் போன்ற உலோக வினையூக்கிகளின் மேல் செலுத்தி, பிறகு நேரான சங்கிலிகளில் கிளை விழச் செய்கிறார்கள். கிளை விட்ட விறகை நெருக்கமாக அடுக்க முடியாதல்லவா? அதனால் இந்த எரிபொருள் கடுங்குளிரிலும் உறையாது. சிங்கப்பூரில் நெஸ்தே நிறுவனம் 2010 முதல் இப்படித் தயாரிக்கிறது. ஜொகூரின் பெங்கெராங்கில் பெட்ரோனாஸ், இத்தாலியின் எனிலைவ், ஜப்பானின் யூக்லீனா மூன்றும் சேர்ந்து, ஆண்டுக்கு 650,000 டன் மூலப்பொருளைக் கையாளும் ஆலையை 2028இல் இயக்கத் திட்டமிட்டுள்ளன. பயன்படுத்திய சமையல் எண்ணெயும் அதற்கு மூலப்பொருள்.

ஆனால் நல்ல வினையூக்கி எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. காட்டை அழித்து நட்ட செம்பனையிலிருந்து வரும் எரிபொருளை எந்த உலோகமும் பசுமையாக்க முடியாது. ஹைட்ரஜன் முறைக்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதும் தீராத கேள்வி. விலையைப் பம்பில் ஏற்றினால் மலையில் காய்கறி ஏற்றும் சிறு லோரிக்காரர்தான் முதலில் அடிபடுவார். ஆகவே கலவை அளவை உயர்த்தும் ஒவ்வோர் அறிவிப்பிலும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: எண்ணெய் எங்கிருந்து வந்தது? குளிரில் சோதித்தார்களா? செலவு யார் தலையில்?

இரண்டாவது கேள்விக்குச் சோதனைக்கூடம் தேடி ஐரோப்பா போக வேண்டியதில்லை. அது பகாங்கிலேயே இருக்கிறது. இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள், மலையில் இரவு முழுக்க நிறுத்திய லோரியின் வடிகட்டியிலிருந்தே தொடங்கலாம். எனக்கு அடுத்த ஆண்டு அந்த முறை வருகிறது. அத்தை வீட்டு எண்ணெய்ப் போத்தலைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். என் முன்மொழிவின் முதல் பக்கத்தில் அதுதான் இருக்கும்.