விர்ச்சுவல் நம்பர்: போன் உங்க கையில்... கால் போவது யாருக்கு? செட்டிங்ஸில் கவனிக்க வேண்டியவை என்ன?

அமெரிக்காவில் படிக்கப் போன மாணவர் ஒருவர், பழைய சோபாவை விற்க ஆன்லைனில் விளம்பரம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்ச நேரத்தில் ஒரு மெசேஜ் வருகிறது. "நான் வாங்கிக்கிறேன். ஆனா நீங்க நிஜமான ஆள்தானான்னு தெரியணும். உங்க போனுக்கு ஒரு கோட் வரும், அதை மட்டும் சொல்லுங்க."

6 இலக்க எண் வருகிறது. மாணவரும் சொல்லிவிடுகிறார். அவரது வங்கிக் கணக்கில் இருந்து ஒரு டாலர்கூட போகவில்லை. ஆனால் அந்த நிமிடமே, அவரது போன் எண்ணோடு இணைக்கப்பட்ட ஒரு விர்ச்சுவல் நம்பர் மோசடி ஆசாமியின் கைக்குப் போய்விடுகிறது. இனி அந்த நம்பரில் இருந்து வேறு யாரையாவது ஏமாற்றினால், விசாரணை முதலில் வந்து நிற்பது மாணவரின் வாசலில்!

இப்படிப்பட்ட 'கூகுள் வாய்ஸ்' மோசடி பற்றி அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2021-ம் ஆண்டிலேயே எச்சரித்தது. வேலைக்கும் படிப்புக்கும் அமெரிக்கா போகும் தமிழர்கள் பலர் பயன்படுத்தும் வசதி என்பதால், இதை விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

விர்ச்சுவல் நம்பர் என்றால் என்ன?

சாதாரண மொபைல் எண் சிம் கார்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சிம் எந்த போனில் இருக்கிறதோ, அங்கேதான் மணி அடிக்கும். விர்ச்சுவல் நம்பருக்கு சிம் கிடையாது. அது இணையத்தில் உள்ள ஒரு கணக்கோடு இணைந்திருக்கும். அந்த நம்பருக்கு வரும் கால் எந்த போனில் அடிக்க வேண்டும், எஸ்எம்எஸ் எங்கே போக வேண்டும் என்பதை எல்லாம் செட்டிங்ஸ்தான் முடிவு செய்யும்.

கிராண்ட்சென்ட்ரல் என்ற நிறுவனத்தை 2007-ல் கூகுள் வாங்கியது. அதுவே 2009-ல் 'கூகுள் வாய்ஸ்' ஆனது. தனிநபர்கள் இதில் ஒரு நம்பரை இலவசமாகப் பெறலாம். ஆனால் அதற்கு ஏற்கெனவே உள்ள ஒரு அமெரிக்க போன் எண்ணைக் கொடுத்து, அதற்கு வரும் கோடைப் பதிவிட வேண்டும். மோசடி ஆசாமிகளுக்கு அடுத்தவர் எண் தேவைப்படுவது இதற்காகத்தான்.

சுருக்கமாகச் சொன்னால், சிம் நம்பரில் போன் யார் கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். விர்ச்சுவல் நம்பரில் கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

கால் செட்டிங்ஸ்: எந்தெந்த போனில் மணி அடிக்கிறது?

ஒரே விர்ச்சுவல் நம்பரோடு மற்ற எண்களையும் இணைக்கலாம். கால் வந்தால் அவற்றிலும் மணி அடிக்கும். சிக்கல் என்னவென்றால், பழைய எண்ணை விட்டுவிட்டு புது சிம் வாங்குபவர்கள், பழைய இணைப்பை நீக்க மறந்துவிடுவார்கள். கைவிடப்பட்ட எண்கள் சும்மா கிடப்பதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு வேறு ஒருவருக்குக் கொடுக்கப்படும். இந்தியாவில் இந்த இடைவெளி 90 நாட்கள். அப்புறம் உங்களுக்கு வரும் கால், முகம் தெரியாத ஒருவரின் போனிலும் அடிக்கும்.

'டூ நாட் டிஸ்டர்ப்' வசதியையும் பார்க்க வேண்டும். அது ஆன் ஆகியிருந்தால் மணியே அடிக்காது, எல்லா காலும் வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடும். வேலைக்கான நேர்காணல் அழைப்புக்குக் காத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எஸ்எம்எஸ்: மெயிலுக்கும் காப்பி போகிறதா?

வரும் மெசேஜ்களை மெயிலுக்கும் அனுப்பும் வசதி உண்டு. வசதிதான், ஆனால் அந்த மெயில் பாஸ்வேர்டு வேறு யாருக்காவது தெரிந்தால், மெசேஜ்களையும் அவர் படித்துவிடலாம்.

வங்கி ஓடிபி-க்கு விர்ச்சுவல் நம்பரை மட்டுமே நம்பியிருப்பதும் சரிப்படாது. பல வங்கிகளும் செயலிகளும் இத்தகைய எண்களை ஏற்பதில்லை. இன்னொன்று, கூகுள் கணக்கை மீட்பதற்கான எண்ணாக அதே கணக்கின் கூகுள் வாய்ஸ் நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள். கணக்கு முடங்கினால், மீட்பதற்கான கோடும் அந்த முடங்கிய கணக்குக்குள்ளேயே போய் விழும். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

வாய்ஸ்மெயில்: யாரும் கண்டுகொள்ளாத கதவு

பிரிட்டனில் 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' பத்திரிகை 2011-ல் மூடப்பட்டது நினைவிருக்கலாம். பிறரின் வாய்ஸ்மெயில்களை ஒட்டுக்கேட்ட விவகாரம்தான் அதற்குக் காரணம். அதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. பலர் வாய்ஸ்மெயிலின் ஆரம்ப பின் நம்பரை மாற்றாமலே வைத்திருந்தது போதுமானதாக இருந்தது.

இன்றைக்கும் அந்த ஆபத்து இருக்கிறது. சில செயலிகள் சரிபார்ப்பு கோடை குரல் அழைப்பிலும் சொல்லும். நீங்கள் தூங்கும் நேரத்தில் அந்த கால் வந்தால், கோட் வாய்ஸ்மெயிலில் பதிவாகிவிடும். பின் நம்பர் 0000, 1234 என்று இருந்தால் யார் வேண்டுமானாலும் கேட்டுவிடலாம். எனவே உங்கள் மொபைல் நிறுவனம் தரும் வாய்ஸ்மெயிலில் பின் நம்பரை மாற்றுங்கள். கூகுள் வாய்ஸில் வாய்ஸ்மெயிலை எழுத்தாக மாற்றி மெயிலுக்கு அனுப்பும் வசதியும் உண்டு. அதனால் கூகுள் கணக்குக்கு இரண்டு அடுக்கு பாதுகாப்பு கட்டாயம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு என்ன சம்பந்தம்?

தனிநபர்களுக்கான கூகுள் வாய்ஸ் இங்கே கிடையாது. ஆனால் சாதாரண சிம் எண்ணிலும் 'கால் ஃபார்வர்டிங்' இருக்கிறது. "உங்க சிம்மில் பிரச்னை இருக்கு, *401# போட்டு இந்த நம்பரை டயல் பண்ணுங்க" என்று ஒருவர் சொல்வார். நம்பி டயல் செய்தால், உங்களுக்கு வரும் கால் எல்லாம் அவருக்குப் போகும். குரல் வழி ஓடிபி-யும் சேர்த்துத்தான்.

இப்படி நடந்த மோசடிகளால், யுஎஸ்எஸ்டி கோட் மூலம் கால் ஃபார்வர்டிங் செய்யும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்க மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. என்றாலும் போன் செட்டிங்ஸில் 'கால் ஃபார்வர்டிங்' பகுதிக்குப் போய், தெரியாத எண் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

கோடைச் சொல்லிவிட்டால் பதற வேண்டாம். நீங்களே ஒரு கூகுள் வாய்ஸ் கணக்கு தொடங்கி, அதில் உங்கள் போன் எண்ணை இணைக்க முயலுங்கள். 'வேறு கணக்கில் இருக்கிறது' என்று காட்டும்போது, அதைத் திரும்பப் பெறும் வாய்ப்பைத் தேர்வு செய்தால், மோசடி ஆசாமியின் கணக்கில் இருந்து உங்கள் எண் விடுபடும். அப்படியே எஃப்டிசி இணையதளத்திலும் புகார் கொடுத்துவிடுங்கள். இந்தியாவில் ஆன்லைனில் பணம் பறிபோனால் 1930-க்கு உடனே அழைக்க வேண்டும்.

மறக்கக் கூடாதவை

* தனிநபர் கூகுள் வாய்ஸில் இருந்து அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க முடியாது. கையில் சாதாரண சிம் போனும் இருக்க வேண்டும்.
* பல மாதங்கள் பயன்படுத்தாமல் விட்டால், கூகுள் அந்த நம்பரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.
* சிம் மாற்றினால், இணைத்த எண்களின் பட்டியலை அன்றே சரிபாருங்கள்.

சோபா வாங்க வந்தவர் கேட்ட அந்த கோட் வந்த மெசேஜிலேயே, 'யாருக்கும் சொல்லாதீர்கள்' என்றுதான் எழுதியிருக்கும். எண்ணை மட்டும் பார்க்காமல், அதற்குப் பக்கத்தில் உள்ள வரியையும் படித்தாலே பாதி மோசடி அங்கேயே நின்றுவிடும்.