கர்ப்பிணிக்கு பிளேட்லெட் குறைந்தால்...

ஏழாம் மாத ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 90,000 என்று வந்துவிட்டால் போதும், வீடே 'டெங்குவா?' என்று பதறும். யாராவது பப்பாளி இலையைப் பிழியக் கிளம்பிவிடுவார்கள். கர்ப்பிணிக்கு அந்தச் சாறு வேண்டவே வேண்டாம்.

இயல்பான அளவு, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை. கடைசி மாதங்களில் இது சற்று இறங்குவது சகஜம். பிரசவத்துக்குப் பின் தானாக ஏறிவிடும். சில நேரம் ரத்தம் எடுத்த குழாயிலேயே பிளேட்லெட்டுகள் ஒட்டிக்கொண்டு, மெஷின் குறைத்துக் காட்டும். அதனால்தான் டாக்டர்கள் ஸ்மியர் பரிசோதனையும் கேட்கிறார்கள். கூடவே பி.பி. ஏற்றம், கடும் தலைவலி, மேல்வயிற்று வலி இருந்தால் அது வேறு பிரச்னை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முதல் மூன்று மாதங்களிலேயே ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் 'ஐ.டி.பி.' சந்தேகம் வலுக்கும். உடலின் எதிர்ப்பு சக்தி, தன் பிளேட்லெட்டுகளையே எதிரியாக நினைத்து அழிக்கும் நோய் இது. ஈறில், மூக்கில் ரத்தம் கசியும். அடிபடாமலே தோலில் ஊதாத் திட்டுகள் வரும். சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

எண்ணிக்கை 30,000-க்கு மேல் இருந்து, ரத்தக்கசிவும் இல்லையென்றால், பெரும்பாலும் கண்காணிப்பே போதும். அதற்குக் கீழே இறங்கினால் ஸ்டீராய்டு மாத்திரையோ, இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்தோ தருவார்கள். 'ஸ்டீராய்டா!' என்று பயந்து பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து. சர்க்கரையும் பி.பி.யும் ஏறலாம், அவற்றைக் கவனித்துக்கொண்டால் சமாளிக்கலாம். பிளேட்லெட் ஏற்றுவது இதில் அவசரத்துக்கு மட்டுமே. ஏற்றியதையும் உடல் சீக்கிரமே அழித்துவிடும்.

ஐ.டி.பி. என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. எந்தப் பிரசவமானாலும் எண்ணிக்கை 50,000-க்கு மேல் இருப்பது நல்லது. முதுகில் மயக்க ஊசி போட 70,000-க்கு மேலாவது எதிர்பார்ப்பார்கள். ஆகவே மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவைப்பது அவசியம்.

தாயின் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். பத்தில் ஒரு குழந்தைக்கு 50,000-க்குக் கீழே இறங்கலாம். அதுவும் பிறந்த அன்று சரியாக இருந்து, அடுத்த சில நாட்களில் குறையக்கூடும். முதல் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு 'வீட்டுக்குப் போகலாமா?' என்று அவசரப்படக் கூடாது.

பிரசவ வலிக்கு, தையல் வலிக்கு என்று மெடிக்கலில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடவும் கூடாது. பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.