தர்மமல்ல, உரிமை!

"ஊனமுற்றவனுக்கு ஆட்டம் எதற்கு? நாலு காசு தர்மம் போடு, போதும்!" என்கிறார்கள் பெரிய மனிதர்கள். இந்தப் பசப்பு இரக்கத்தை நாம் நிராகரிக்கிறோம்.

லண்டன் நடனக் கலைஞர் செலஸ்ட் டான்டெக்கர் 1973இல் மேடையில் விழுந்து முதுகெலும்பு முறிந்தவர். சக்கர நாற்காலியிலிருந்தபடியே, ஆடம் பெஞ்சமினுடன் சேர்ந்து 1991இல் 'காண்டோகோ' நடனக் குழுவைத் தொடங்கினார். நடக்க முடிந்தவரும் முடியாதவரும் அதில் சரிசமமாக ஆடினர்.

நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் கலையில் பங்குபெறும் உரிமையை ஒப்புக்கொள்கிறது. ஆனால் எத்தனை ஊர் மேடைகளுக்குச் சாய்தளம் இருக்கிறது?

மில்லில் கையிழந்தவரும் கதிரடிக்கும் யந்திரத்தில் விரலிழந்தவரும் நம்மவர்களே. தோழர்களே! பஞ்சாயத்திடம் சாய்தளம் கேட்டுப் போராடுவோம். மே தினக் கும்மியில் அவர்களை ஓரத்தில் உட்காரவைக்காமல் வட்டத்துக்குள் அழைப்போம்!