ராணுவச் செலவும் ஜீவனோபாயமும்

தேசப் பாதுகாப்புக்கென்று இந்திய ஸர்க்கார் 2025-26-ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய தொகை சுமார் 6,81,000 கோடி ரூபாய். மொத்தச் செலவாகிய 50,65,000 கோடியில் இது நூற்றுக்கு 13 பாகத்துக்கும் மேல். இதைப் பற்றி நம் நாட்டில் இரண்டு விதமான பேச்சுக்கள் வழங்குகின்றன. பசியும் பிணியும் நீங்காத தேசத்தில் பீரங்கி எதற்கு என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். இதில் ஒரு தம்பிடியும் குறைக்கலாகாது, இச்செலவினால் லக்ஷக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன என்று மற்றொரு சாரார் சொல்லுகிறார்கள். முதற் கூற்று பழையது. அதற்கு விடையும் பழையதே. இரண்டாவது கூற்றுத்தான் இப்பொழுது ஓங்கி வருகிறது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் அது நியாயமாகவே தோன்றும். ஆனால் அதனால் சிப்பாய்க்கும் கேடு, தொழிலாளிக்கும் கேடு என்பது நமது அபிப்பிராயம்.

ராணுவச் செலவைக் கண்டிப்பதில் நம் முன்னோர் யாருக்கும் பின்வாங்கியவர்களல்லர். 1867-68-இல் அபிஸீனியா யுத்தத்துக்கு நம் சிப்பாய்கள் கப்பலேறினார்கள்; அவர்களுடைய சாதாரணச் சம்பளம் இந்தியக் கஜானாவின் தலையில் விழுந்தது. ஸூடானுக்குப் போன படைக்கும் அதுவே கதி. சண்டை இங்கிலாந்துடையது, செலவு நம்முடையது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். 1897-இல் லண்டனில் வெல்பி கமிஷன் முன் சாக்ஷியம் கூறியவர்களில் கோகலேயும் ஒருவர். ‘சுதேசமித்திர’னை ஸ்தாபித்த ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர். அந்தக் கமிஷனில் தாதாபாய் நவ்ரோஜியே ஓர் அங்கத்தினராக வீற்றிருந்தார். இப்பெரியோர்கள் படையே வேண்டாமென்று சொன்னவர்களல்லர். எங்கள் பணத்தில் வைக்கும் படை எங்களைக் காப்பதற்காக இருக்கட்டும், அதன் கணக்கும் எங்களுக்குத் தெரியட்டும் என்பதே அவர்கள் வாதம்.

சுயராஜ்யம் வந்த பின் இவ்வாதத்தின் முதற் பாதி நிறைவேறிவிட்டது. படை நம்முடையது. அதற்குப் போதிய செலவு செய்யாவிட்டால் என்ன நேரும் என்பதை 1962-இல் கண்டுகொண்டோம். இமயத்தின் மீது பதினாலாயிரம் அடிக்கு மேல் நின்ற நம் வீரர்களில் பலருக்குக் குளிருக்கேற்ற உடுப்பில்லை. கையில் இருந்ததோ ஒவ்வொரு குண்டுக்கும் தாழை இழுத்துவிட்டுச் சுடவேண்டிய பழைய மாதிரி .303 துப்பாக்கி. அவர்கள் தைரியத்தில் குறையவில்லை. டில்லியின் முன்யோசனைதான் குறைந்தது. ஆகையால் பீரங்கி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நாம் அதிகம் சொல்லவேண்டியதில்லை. அதே 2025-26 திட்டத்தில் மத்திய ஸர்க்காரின் கல்வி இலாகாவுக்கு 1,28,650 கோடியும், சுகாதார இலாகாவுக்குச் சற்றேறக்குறைய ஒரு லக்ஷம் கோடியும் ஒதுக்கியிருப்பதை எடுத்துக்காட்டி அவர்கள் வருந்துவார்கள். வருத்தம் நியாயமே. எனினும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பெரும்பாலும் மாகாண ஸர்க்கார்களின் பொறுப்பு என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மையான கணக்கு.

இனி மற்றக் கட்சியாரிடம் வருவோம். 2021 ஸெப்டம்பரில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு 118 அர்ஜுன் டாங்கிகள் செய்து தரும்படி உத்தரவாயிற்று. விலை 7,523 கோடி ரூபாய். அதைத் தெரிவித்த ஸர்க்கார் அறிக்கையில், 200-க்கு மேற்பட்ட உள்நாட்டு வியாபார ஸ்தாபனங்களுக்கு ஆர்டர் கிடைக்கும், சுமார் 8,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்று கண்டிருந்தது. சென்னை, கோயமுத்தூர், ஓசூர், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்து நகரங்களை இணைத்து 2019 ஜனவரியில் ராணுவத் தொழில் மார்க்கம் தொடங்கப்பட்டபோதும் வேலை, வேலை என்ற பேச்சே எங்கும் பெரிதாகக் கேட்டது. வேலை கிடைப்பதில் நமக்கு வருத்தமுண்டா? ஆவடியிலும் அருவங்காட்டிலும் திருச்சியிலும் வேலை செய்து கௌரவமாகக் குடும்பம் நடத்தி வரும் ஆயிரக்கணக்கான தமிழர்களை நாம் அறிவோம். ஆனால் 8,000 பேருக்கு வேலை தருவதற்காக டாங்கி செய்கிறோம் என்றால், அதற்கு டாங்கிதானா அகப்பட்டது?

அமெரிக்காவைப் பார்க்கலாம். ராணுவச் செலவில் உலகத்துக்கே முதலாவதாக நிற்கும் தேசம் அது. அங்கே மாஸச்சூஸெட்ஸ் சர்வகலாசாலையின் பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நூறு கோடி டாலரை ராணுவத்தில் செலவிட்டால் சுமார் 11,200 வேலைகள் உண்டாகும். அதே தொகையை வைத்தியத்தில் செலவிட்டால் 17,200. கல்வியில் செலவிட்டால் 26,700. காரணம் விளங்காத விஷயமல்ல. பீரங்கித் தொழிலில் பணத்தின் பெரும் பகுதி யந்திரத்துக்கும் விலையுயர்ந்த உலோகத்துக்கும் போகிறது. பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயரின் சம்பளத்துக்குப் போகிறது. பீரங்கித் தொழிலாளிக்குச் சராசரிக் கூலி அதிகம் என்பதும் உண்மைதான். ஆயினும் வேலையில்லாத் திண்டாட்டத்தை ஒழிப்பதே நோக்கமானால் ராணுவ கண்டிராக்டு மிகவும் செலவு பிடிக்கும் வழி. ராணுவமும் ஆயுதத் தொழிலும் கைகோத்து அரசியலை ஆட்டிவைக்கும் அபாயத்தைப் பற்றி, 1961 ஜனவரியில் பதவியை விட்டு இறங்கும்போது ஐஸன்ஹோவர் தம் ஜனங்களை எச்சரித்தார். அவர் காந்தி பக்தரல்லர். ஐரோப்பாவில் நேசப் படைகளை நடத்திய தளகர்த்தர்.

அந்த அபாயம் நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். ஓர் ஆயுதம் உபயோகமற்றது என்று படையே சொன்னாலும், அதன் உறுப்புக்கள் செய்யப்படும் ஊர்களின் பிரதிநிதிகள் அதை நிறுத்த விடமாட்டார்கள். ஊருக்கு ஊர் ஒரு திருகாணி செய்யக் கொடுத்துவிட்டால், தேசம் முழுவதும் அந்த ஆயுதத்துக்கு வக்கீல்கள் முளைத்துவிடுவார்கள். அப்புறம் கேள்வி மாறிவிடுகிறது. சிப்பாய்க்கு இது பயன்படுமா என்று யாரும் கேட்பதில்லை. இத்தனை பேர் வேலை என்ன ஆவது என்றே கேட்கிறார்கள். யானையைக் கட்டித் தீனி போடுகிறவன், அது மரம் இழுக்கிறதா என்று பார்ப்பதை விட்டு, தழை வெட்டுகிறவன் பிழைப்பை எண்ணி யானையை வைத்துக்கொண்டிருப்பது போல.

நம் நாட்டில் அவ்வளவு தூரம் போகவில்லை என்று ஆறுதல் கொள்ளலாமா? கம்ப்ட்ரோலர்-ஆடிட்டர் ஜெனரல் 2017-இல் பார்லிமெண்டில் வைத்த அறிக்கையைப் படித்தவர்களுக்கு அந்த ஆறுதல் கிட்டாது. சோதித்த வெடி குண்டு வகைகளில் நூற்றுக்கு 40 வகைகள் பத்து நாள் உக்கிர யுத்தத்துக்குக்கூடப் போதாமல் இருந்தன என்றும், ஸர்க்கார் ஆயுதத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் சரக்கின் அளவிலும் தரத்திலும் குறை நீங்கவில்லை என்றும் அதில் கண்டது. சம்பளம் ஒழுங்காகப் பட்டுவாடா ஆயிற்று, குண்டுதான் வரவில்லை. இதற்குத் தொழிலாளியைக் குற்றஞ் சொல்வது சுலபம். என்ன செய்வது, எந்தத் தேதிக்குள் செய்வது, தவறினால் யார் பதில் சொல்வது என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் அவன் உட்கார்ந்திருக்கவில்லை.

2021 அக்டோபர் முதல் தேதி 41 தொழிற்சாலைகளும் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. அதற்குச் சில மாதங்கள் முன்னமே, பாதுகாப்புத் தொழிலில் வேலை நிறுத்தத்தைத் தடுக்க அவஸரச் சட்டம் பிறந்து, பின் ஒரு வருஷ ஆயுளுள்ள சட்டமாக நிறைவேறிற்று. சட்டம் படித்தவர்கள் இதில் ஒரு வேடிக்கையைக் காணலாம். சரக்குக் கொடுக்கத் தவறியதைப் பற்றிய புகாருக்கு விடையாக வந்த ஏற்பாட்டில், தொழிலாளியின் வாயை அடைக்கும் ஷரத்துத்தான் முதலில் அமுலுக்கு வந்தது!

அப்படியானால் எந்த வேலைதான் தகும்? தேசத்தின் கைக்குத் திறமையைக் கொண்டுவரும் வேலை தகும். 1986-இல் ஸ்வீடனிலிருந்து 410 போஃபர்ஸ் பீரங்கிகள் வாங்க 1,437 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமாயிற்று. அதில் கைமாறிய லஞ்சத்தைப் பற்றித் தேசம் பேசாத நாளில்லை. பேசவேண்டிய வேறொன்று பேசப்படவில்லை. அந்தப் பீரங்கியை இங்கேயே செய்வதற்கான வரைபடங்களும் அந்த ஒப்பந்தத்தின்படி நம்மிடம் வந்து சேர்ந்தன. அவை வருஷக்கணக்காக அலமாரியில் உறங்கின. 1999-இல் கார்கில் மலைகளில் அதே பீரங்கி நம் வீரர்களுக்குப் பெருந்துணையாக நின்ற பிறகும் வெகு காலம் விழிக்கவில்லை. கடைசியில் அவ்வரைபடங்களை ஆதாரமாகக்கொண்டு ஜபல்பூரில் செய்த ‘தனுஷ்’ பீரங்கிகள் முதன்முதலாகப் படையிடம் சேர்ந்தது 2019 ஏப்ரலில். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த காலம் முப்பது வருஷம்.

எஞ்சின் விஷயமும் இப்படித்தான். 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் விமானங்களுக்கு சுமார் 48,000 கோடி ரூபாய்க்கு உத்தரவு கொடுத்தோம். முதல் விமானம் 2024 மார்ச்சுக்குள் வந்திருக்கவேண்டும். அமெரிக்க எஞ்சின் வரத் தாமதமானது ஒரு முக்கிய காரணமாக, அந்தக் கெடு தவறிப்போயிற்று. ஆவடி அர்ஜுனின் எஞ்சினோ ஜெர்மன் சரக்கு. உடல் நம்முடையது, இருதயம் அந்நியனுடையது. கோபித்துக்கொண்டு அவன் அதை நிறுத்தினால், நம் 8,000 பேரும் என்ன செய்வார்கள்? டாங்கிக்கான 1,500 குதிரை சக்தி எஞ்சின் ஒன்று இங்கேயே உருவாகி, 2024 மார்ச்சில் மைசூரில் முதன்முதலாக ஓட்டிப் பார்க்கப்பட்டது. அந்தச் சோதனைச் சாலையில் வேலை செய்தவர்கள் சிலரே. ஆனால் அங்கே செலவான ஒரு ரூபாய், கண்டிராக்டில் வீணாகும் நூறு ரூபாயைவிடத் தேசத்தைப் பலப்படுத்துவது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அப்படிப்பட்ட வேலைக்குப் பணம் அதிகம் கேட்டாலும் நாம் ஆதரிப்போம்.

கோயமுத்தூர், ஓசூர்ப் பக்கத்துச் சிறு பட்டறைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கடன் வாங்கி உயர்ந்த ரக யந்திரம் வாங்கி, ராணுவத்துக்கென்று ஓர் உறுப்பு செய்து மாதிரி காட்டிய பிறகு, ஆர்டர் எப்பொழுது வருமென்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் மானாவாரிக் குடியானவனைவிட மேலானவனல்லன். ஐந்து வருஷத்துக்கு இன்ன வகையில் இவ்வளவு வாங்குவோம் என்று எழுத்தில் உறுதி கொடுக்காமல், மார்க்கம் என்றும் மகாநாடு என்றும் விழா நடத்துவதால் அவன் வட்டி குறையாது.

இவ்வளவையும் விசாரிக்கவேண்டிய இடம் பார்லிமெண்டு. கோகலே 1902 மார்ச் 26-ஆம் தேதி ராஜப் பிரதிநிதியின் சபையில் எழுந்து, பட்ஜெட்டையும் ராணுவச் செலவையும் தாக்கிப் பேசியபோது, அந்தச் சபையில் பட்ஜெட்டின் மீது வோட்டுப் போடும் உரிமை ஒருவருக்கும் இல்லை. பேசமட்டும் செய்யலாம், பேசினார். இன்று லோக்சபைக்கு வோட்டுரிமை பூரணமாக உண்டு. பேச்சுத்தான் இல்லை. 2018 மார்ச்சில் பாதுகாப்பு உள்பட எல்லா மானியக் கோரிக்கைகளும் ‘கில்லட்டின்’ என்னும் முறையில் ஒரு விவாதமுமின்றி அரை மணி நேரத்தில் நிறைவேறின. அமளி செய்தவர்களும் அமளியைச் சாக்காக வைத்துக்கொண்டவர்களும் அதில் சம பங்காளிகள். பாதுகாப்புக்கென்று ஒரு நிலைக் கமிட்டி பரிசீலனை செய்கிறதென்பதை மறக்கவில்லை. கமிட்டியின் அறிக்கை சபையில் விவாதமாவதற்குப் பதிலாகாது.

தமிழ்நாட்டிலிருந்து லோக்சபைக்கு 39 பேர் சென்றிருக்கிறார்கள். தங்கள் தொகுதிக்கு இன்னொரு தொழிற்சாலை கேட்பதற்கு முன் அவர்கள் பாதுகாப்பு மந்திரியிடம் சில கேள்விகள் கேட்கட்டும். 2021-இல் உத்தரவான 118 டாங்கிகளில் படையிடம் சேர்ந்தவை எத்தனை? மீதி எந்தத் தேதிக்குள் சேரும்? மைசூரில் ஓடிய எஞ்சின் எந்த வருஷத்தில் டாங்கியில் ஏறும்? வாக்களித்த 8,000 வேலைகளில் நிரந்தரமானவை எத்தனை, கண்டிராக்டுக் கூலிகள் எத்தனை? பதில் எழுத்து மூலம் கேட்கப்படுவது நலம்.