மலைச் சைக்கிளும் நீண்ட போர்க்கும்

சாரற்காலத்தில் தென்காசியினின்று குற்றாலத்திற்குச் சைக்கிளேறிச் செல்லுதல் இன்பமே. அம்மலையடியின் கரடுமுரடான பாதைகளை நாடும் நம் மாணாக்கர், தம் மலைச் சைக்கிளுக்கு நீண்ட முன்போர்க்கும், காற்று ஷாக்கிற்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங் ஷாக்கும் பூட்ட விழைவது இயல்பு. அவ்விழைவை யாம் பழியோம். அளவறியாது செய்தல் தகாதென்பதே எமது துணிபு.

போர்க்கு 20 மில்லிமீட்டர் நீளின், வண்டியின் கழுத்து ஏறக்குறைய 1 பாகை பின்சாயும், பெடல்களும் உயரும். இறக்கத்தில் உறுதி மிகும். ஏற்றத்திலோ முன்சக்கரம் அலையும். நெம்புகோல் நீண்டாற்போலக் கழுத்தின்மேல் விசை மிகுதலால், செய்தவர் விதித்த எல்லையைக் கடப்பின் பிரேம் முறியவுங்கூடும்.

சுருள் ஸ்பிரிங், நெடிய இறக்கத்திலும் சூட்டினால் தன் இயல்பு மாறாது. ஆயினும் காற்றைப்போல் அதனைக் கூட்டிக் குறைத்தல் இயலாது. ஏறுபவர் அமர்ந்தவுடன் ஷாக்கின் ஓட்டத்தில் 100க்கு 25 முதல் 30 பங்கு தாழ்தல் வேண்டும். ஆதலின் நண்பனுக்கு ஏற்ற ஸ்பிரிங் நமக்கு ஏற்காது.

நீளத்தை விலைகொடுத்து வாங்குமுன் தம் எடையையும் பிரேமின் எல்லையையும் அறிக. ஈரப்பாறையில் நம்மைக் காப்பன முதற்கண் நல்ல டயரும் பிரேக்கும் நிதானமுமே.